ஓவரின் முதல் பந்து எங்கே போனது? விளையாட்டுச் சந்தா கட்டப்போகிறவர்களுக்கு

கிரிக்கெட் பார்ப்பதற்காக ஏதாவது ஒரு செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம் என்று இருப்பவர்கள், கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்காகக் கட்டுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். நான் அப்பாவுக்காகத்தான் கட்டினேன். போனது மூவாயிரத்துச் சொச்சம். ஆனால் நடந்த விதம் மனசில் இன்னும் ஆறவில்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடிகிறவரை பெயர் வேண்டாம் என்று மனு எழுதிக்கொடுத்த வக்கீல் சொல்லிவிட்டார். எந்த நாட்டுத் தொடர், எந்த வருடம் என்று சொன்னாலே பெயர் தெரிந்துவிடும் என்பதால் அதையும் விட்டுவிடுகிறேன்.

எங்களுக்கு ஊர் கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காடு. காபி, மிளகு, ஊடே மலைவாழை என்று நாலு ஏக்கர். அப்பாவுக்கு வயது 74. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு தோட்டத்துச் சரிவில் இறங்குவதில்லை. அவரிடம் இரண்டு நோட்டுகள் உண்டு, இரண்டும் ஒரே மாதிரி சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஒன்றில் பழம் பறிக்க வருகிறவர்களின் எடைக்கணக்கும் கூலியும். இன்னொன்றில் கிரிக்கெட்.

டெஸ்ட் ஆட்டம் என்றால் ஒரு பந்து விடாமல் எழுதுவார். ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி. ஓவருக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் மேலே மூன்று புள்ளி, கீழே மூன்று புள்ளி. ஆறும் புள்ளியாகவே விழுந்தால் பென்சிலை எடுக்காமல் ஆறையும் இணைத்து ஆங்கில 'எம்' எழுத்தாக்கிவிடுவார். அது மெய்டன் ஓவர். அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் அதுவே 'டபிள்யூ' ஆகும். மதுரையில் படித்த காலத்தில் கல்லூரி அணிக்கு ஸ்கோர் எழுதிப் பழகியது. வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணனை சொல்லும்போது, கேட்டுக் கேட்டே எழுதியிருக்கிறார். பந்தைக் கண்ணால் பார்க்காமல் எழுதிய நோட்டில்கூட ஒரு கட்டம் காலியாக இருந்ததில்லை என்பார்.

எங்கள் மலைக்கு இதில் ஒரு பெருமை உண்டு. எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானலில் தூர்தர்ஷன் கோபுரம் எழும்பிய பிறகுதான் கீழே மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமெல்லாம் வீட்டு மாடியில் ஆன்டெனாவை மலையைப் பார்த்துத் திருப்பி வைத்துக் கிரிக்கெட் பார்த்தார்கள். ஒரு பைசா சந்தா இல்லை. அந்த அனலாக் தரைவழி ஒளிபரப்பை நாடு முழுக்கப் பெரும்பாலும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். ஊருக்கெல்லாம் ஆட்டத்தை இறக்கிக் கொடுத்த மலையில் இன்று நாங்கள் டிடிஎச் தட்டையும் ஃபைபர் லைனையும் நம்பி இருக்கிறோம். அடைமழை பிடித்தால் தட்டில் சிக்னல் போய்விடும். காற்றடித்தால் சவுக்கோ சில்வர் ஓக்கோ விழுந்து ஃபைபர் அறுந்துவிடும்.

இருந்தாலும் 2021 ஜனவரியில், மாட்டுப் பொங்கலன்று ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் டெஸ்ட் தொடங்கியபோது, விடிவதற்கு முன்பே கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் ஒரே டெஸ்டில் அறிமுகமாகி, முதல் இன்னிங்ஸில் ஆளுக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். கடைசி நாள் 328-ஐ விரட்டி ஜெயித்தபோது அப்பா நோட்டை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர்.

இனி நடந்ததற்கு வருகிறேன். ஒரு வெளிநாட்டுச் சுற்றுப்பயணம், நாலு டெஸ்ட். அந்த நிறுவனத்தின் செயலியில் மட்டும்தான் எல்லா நாளும் நேரலை. ஒரு பந்தும் விடாமல், தமிழ் வர்ணனையோடு, விளம்பரத் தொல்லை இல்லாமல் பார்க்கலாம் என்று விளம்பரம். ரூ.1,250 கட்டினேன். யூபிஐ-யில் இரண்டு தட்டு, முடிந்தது. அந்த இரண்டாவது தட்டு எதற்கு என்று நான் படிக்கவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் டெஸ்ட், முதல் நாள், முதல் ஓவர் முடிந்தது. விளம்பரம் வந்தது. விளம்பரம் இல்லாத திட்டத்துக்குத்தானே கட்டினோம் என்று பார்த்தால், படத்துக்கும் தொடருக்கும்தான் அது பொருந்துமாம், நேரலைக்குப் பொருந்தாது என்று நிபந்தனைகளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. சரி, ஓவருக்கு இடையில் விளம்பரம் போடட்டும், டிவியிலும் போடுகிறார்கள். ஆனால் விளம்பரம் முடிந்து ஆட்டம் திரும்பும்போது கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார். முதல் பந்து போய்விட்டது. அப்பா என்னைப் பார்த்தார். "என்னப்பா ஆச்சு, அடிச்சானா விட்டானா?"

அடுத்த ஓவரும் அப்படியே. அதற்கடுத்த ஓவர் சரியாக வந்தது. அப்புறம் இரண்டு ஓவர் மறுபடி முதல் பந்தைக் காணோம். அப்பா கட்டத்தின் முதல் இடத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மீதி ஐந்தை எழுதினார். ஐந்தும் புள்ளி. கேள்விக்குறியை வைத்துக்கொண்டு 'எம்' போட முடியாது. பென்சிலைக் கட்டத்தின் மேலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கைபேசியில் எழுத்து வடிவ ஸ்கோரைப் பார்த்து, "டாட் பால்தான் ப்பா" என்று சொன்ன பிறகு கேள்விக்குறியை அழித்துப் புள்ளி வைத்து இணைத்தார். அன்றைக்கு மதியத்துக்கு மேல் மட்டும் 27 தடவை இப்படி ஆனது. எப்படித் தெரியும் என்றால், மதியத்துக்கு மேல் நான் தோட்டத்துக்குப் போய்விட்டேன், அதற்கப்புறம் விழுந்த கேள்விக்குறிகள் ஒன்றும் அழியவில்லை. எண்ணிப்பார்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செயலியில் வருவது நேரலை என்று பெயரே தவிர, டிவியைவிடப் பின்தங்கித்தான் வரும். படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்பி, நம் பெட்டியில் கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு ஓட்டுவதால் அப்படி. இணையம் மெதுவானால் இன்னும் பின்னால் போகும். கீழ்வீட்டுப் பையன் கைபேசியில் ஸ்கோர் பார்த்துவிட்டு "அவுட்டு!" என்று கத்துவான். எங்கள் டிவியில் பந்து வீச்சாளர் அப்போதுதான் ஓடி வரத் தொடங்குவார். அப்பா அந்தப் பையனை ஒன்றும் சொல்லமாட்டார். ஜன்னலை மட்டும் சாத்திவிடுவார்.

இரண்டாவது டெஸ்டில் தமிழ் வர்ணனை இல்லை. இங்கிலீஷும் இந்தியும்தான். அம்மாவும் கூட உட்கார்ந்து கேட்பதால்தான் தமிழ் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வாங்கினேன். கேட்டதற்கு, மொழிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறலாம் என்று நிபந்தனையில் இருக்கிறதே என்று பதில். டி20 ஆட்டங்களுக்கு மட்டும் தமிழ் திரும்ப வந்தது. கூட்டம் வரும் ஆட்டத்துக்குத் தமிழ், ஐந்து நாளும் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இல்லை.

நாலாவது டெஸ்டின் ஐந்தாம் நாள்தான் உச்சம். தொடர் யாருக்கு என்பதே அன்றைக்குத்தான். மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு நான் வத்தலக்குண்டு போயிருந்தேன். தேநீர் இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் அப்பா போன் செய்தார். செயலி தானாக வெளியே போய்விட்டது, உள்ளே நுழைய ஓடிபி கேட்கிறது. ஓடிபி என் எண்ணுக்கு வரும். வந்தது. சொன்னேன். அம்மா ரிமோட்டில் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்துவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி கேட்டது. இந்தத் தடவை மலைப்பாதையில் டவர் இல்லாத வளைவில் இருந்தேன், ஊத்து என்ற ஊரைத் தாண்டித்தான் எஸ்எம்எஸ் வந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு, அதிக முறை முயன்றுவிட்டீர்கள், சற்று நேரம் கழித்து வாருங்கள் என்று பூட்டிக்கொண்டது. அந்தக் கணக்கை நாங்கள் திறந்தது ஒரே டிவியிலும் என் கைபேசியிலும்தான். ஏன் வெளியே தள்ளியது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போகும்போது ஆட்டம் முடிந்திருந்தது. அப்பா நோட்டை மூடவில்லை. 61-வது ஓவரின் மூன்றாவது பந்தோடு எழுத்து நிற்கிறது. அதற்குக் கீழே எல்லாம் வெறும் கட்டம். "யாரு ஜெயிச்சா?" என்று என்னிடம் கேட்டார். ஐந்து நாளும், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் உட்கார்ந்து எழுதிய மனிதர், வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை முடிவு தெரியாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்று வந்த கோபம் வேறு எதற்கும் வந்ததில்லை.

வாடிக்கையாளர் சேவை என்று ஒன்று இருக்கிறது. எண் கிடையாது, அரட்டைப் பெட்டி மட்டும். முதலில் இயந்திரம் பேசும். உங்கள் இணைய வேகத்தைச் சரிபாருங்கள், செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்று சுற்றிச் சுற்றி அதையே சொல்லும். நாலைந்து சுற்றுக்குப் பிறகு ஒரு மனிதர் வருவார், "சார், உங்கள் பகுதியில் நெட்வொர்க் பிரச்சினை" என்பார். முதல் பந்தை விளம்பரம் மறைத்ததற்கும் எங்கள் மலையின் நெட்வொர்க்குக்கும் என்ன சம்பந்தம்? அப்பாவின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினேன். எந்த ஓவர், எந்தப் பந்து என்று தேதியோடு அதில் இருக்கிறது. பதிலே இல்லாமல் புகார் தீர்க்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வந்தது. இப்படி மூன்று தடவை. கடைசியில் மூன்று மாதம் இலவச நீட்டிப்பு தருவதாகச் சொன்னார்கள். அந்த மூன்று மாதத்தில் அவர்களிடம் ஒரு டெஸ்ட் ஆட்டமும் இல்லை.

பதினொரு மாதம் போனது. ஒரு நாள் காலை வங்கிக் கணக்கிலிருந்து ரூ.2,100 எடுக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டாவது தட்டு இதுதான்: யூபிஐ ஆட்டோபே ஆணை, அதாவது தானாகப் பணம் எடுத்துக்கொள்ள நாம் கொடுக்கும் அனுமதி. முதல் வருட விலை சலுகை விலை, ஆணையில் ரூ.5,000 வரை எடுத்துக்கொள்ளலாம் என்று நானே ஒப்புதல் கொடுத்திருக்கிறேன். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தகவல் வந்திருக்கிறது, விளம்பர எஸ்எம்எஸ்களுக்கு நடுவில் கிடந்தது, நான் கவனிக்கவில்லை. அந்த ஆணையைச் செயலிக்குள் ரத்து செய்யப் போனால் உண்மையாகவே போகிறீர்களா, பாதி விலைக்குத் தரட்டுமா, ஏன் போகிறீர்கள் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கடைசிப் பக்கத்தில் ஏதோ பிழை என்று முதலுக்கே தள்ளிவிடுகிறது. விட்டுவிட்டேன். நம் யூபிஐ செயலியிலேயே ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் நாம் கொடுத்த ஆணைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும், அங்கேயே ரத்து செய்துவிடலாம், அவர்களைக் கேட்க வேண்டியதில்லை. இப்போதே திறந்து பாருங்கள். எனக்கு அதில் மறந்தே போன இன்னொரு சந்தாவும் ஓடிக்கொண்டிருந்தது.

சந்தாவில் சேர்வதைச் சுலபமாகவும் விலகுவதைச் சிக்கலாகவும் வைப்பது நம் நாட்டில் சட்டப்படி தவறு. 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டு நெறிகளில் இப்படிப்பட்ட 13 ஏமாற்று வேலைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், சந்தாப் பொறி அதில் ஒன்று. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்தேன். ஒன்பதாவது நாள் ரூ.2,100 திரும்பி வந்தது. அதுவரை இணைய வேகத்தைக் குறை சொன்னவர்கள் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதல் வருடப் பணத்துக்கும் நடந்ததற்கும்தான் ஆணையத்தில் மனு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரையிலான தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அப்பாவின் நோட்டு நகல்தான் எங்கள் முக்கியச் சான்று. வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான சாட்சியத்தை நான் பார்த்ததில்லை என்றார்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். 2022 ஜூனில் ஐந்து வருட ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை ரூ.48,390 கோடிக்குப் போனது. 410 ஆட்டம் என்று கணக்கு, ஒரு ஆட்டத்துக்கு ரூ.118 கோடி. அதற்கு முந்தைய ஐந்து வருடத்துக்கு ரூ.16,347 கோடிதான். இவ்வளவு கொட்டியவர்கள் எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். புதிதாக வருகிறவனுக்குச் சலுகையும் இலவசமும் காட்டுவார்கள், அவன் பிடிக்கவில்லை என்றால் போய்விடுவான். ஐந்து நாளும் உட்கார்ந்து பார்க்கிறவன் எங்கே போய்விடப்போகிறான் என்ற தைரியத்தில் அவனிடம்தான் விளம்பரத்தை நீட்டுகிறார்கள், அவன் மொழியை எடுக்கிறார்கள், அவன் ஆணையில்தான் ஐயாயிரம் வரை எழுதி வாங்குகிறார்கள். பாசம் வைத்தவனைத்தான் முதலில் கசக்குகிறார்கள். எனக்கு இதுதான் தாங்கவில்லை.

இங்கிலாந்தில், ஆஸ்திரேலியாவோடு மோதும் ஆஷஸ் டெஸ்ட் தொடரை 2005-ல் நாடே இலவசச் சேனலில் பார்த்தது. அடுத்த வருடத்திலிருந்து சொந்த மண்ணில் நடக்கும் டெஸ்டுகள் கட்டணச் சேனலுக்குப் போய்விட்டன. 2019 உலகக் கோப்பை இறுதிக்கு இங்கிலாந்து வந்தபோது அந்த ஒரு நாளுக்காக இலவசச் சேனலிலும் திறந்துவிட்டார்கள். பதினாலு வருடம் பூட்டி வைத்துவிட்டு அப்புறம் திறந்தால், இடையில் வளர்ந்த பிள்ளைகள் எதைப் பார்த்து மட்டையைக் கையில் எடுத்திருப்பார்கள்?

நம்மிடம் 2007-ல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த ஆட்டங்களின் சிக்னலை உரிமை வைத்திருப்பவர் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்தாக வேண்டும். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்கள் அதில் வரும். ஆனால் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்த சிக்னலைத் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிலும் தன்னுடைய இலவச டிஷ்ஷிலும் மட்டுமே காட்டலாம் என்று தீர்ப்பளித்துவிட்டது. நீங்கள் மாதாமாதம் பணம் கட்டும் தனியார் டிடிஎச்சில் தூர்தர்ஷனைப் போட்டால் ஆட்டத்துக்குப் பதிலாக வேறு ஏதோ ஓடுவது அதனால்தான், உங்கள் பெட்டியில் கோளாறு இல்லை. மேட்டுத் தெருவில் ஒரு பெரியப்பா வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ் வைத்திருக்கிறார். தட்டு வாங்கிய செலவோடு சரி, மாதக் கட்டணமே இல்லை. ஒருநாள் ஆட்டம் மட்டும் போதும் என்பவர்கள் அதை யோசிக்கலாம். டெஸ்ட் பிரியர்களுக்குத்தான் வழி குறைவு.

அப்படியும் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆண்டுக்குக் கட்டாதீர்கள். தொடர் எத்தனை வாரமோ அதற்கு மட்டும், மாதத் திட்டமாகக் கட்டுங்கள், கட்டிய அன்றே ஆட்டோபேயை ரத்து செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடிகிறவரை பெரும்பாலும் பார்க்க முடியும். ஒப்புதல் கொடுக்கும் திரையில் 'வரை' என்று ஒரு தொகை இருக்கும், நாம் கட்டும் விலையைவிட அது பெரிதாக இருந்தால் நின்று யோசியுங்கள். தமிழ் வர்ணனை, டிவியில் பார்ப்பது, விளம்பரம் இல்லாமை இந்த மூன்றும் நேரலை டெஸ்டுக்குப் பொருந்துமா என்று கட்டுவதற்கு முன்பே அரட்டைப் பெட்டியில் கேட்டு, பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்து வைக்கவில்லை. பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போகிறவர்கள், ஓடிபி யார் எண்ணுக்கு வரும் என்பதையும் பாருங்கள். முடிந்தால் வீட்டில் இருப்பவரின் எண்ணிலேயே கணக்கு தொடங்குங்கள்.

மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. என்ன ஆனாலும் இங்கே எழுதுகிறேன்.

போன வாரம் அடுத்த தொடர் தொடங்கியது. வேறு நிறுவனம், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டலாம் என்று இருந்தேன். காலையில் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "போடட்டுமா ப்பா?" என்று கேட்டேன். அப்பா கூலி நோட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வேண்டாம்ப்பா. சாயங்காலம் ஸ்கோர் மட்டும் பார்த்துச் சொல்லு."

சாயங்காலம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். சிவப்பு அட்டை போட்ட இன்னொரு நோட்டு அலமாரியிலேயே இருக்கிறது.